எடது பக்கம் விழாத கீப்பர்: ஒரு கடற்கரைப் பையனோட டைவ் பத்தின முழு ஆய்வு

டைவ் அடிக்காத, அதாவது பால் வர்ற பக்கம் பாய்ஞ்சு விழாத கோல் கீப்பரப் பாத்தா நம்ம பக்கத்து கிரவுண்டுல எல்லாரும் ஒடனே சொல்லுத வார்த்தை ஒண்ணுதான், பயப்படுதான். லைன் ஓரமா நிக்குற பெரியவங்களும் சொல்லுவாங்க, கூட வெளயாடுத பயலுவளும் சொல்லுவானுவ, கொஞ்ச நாள்ல அந்தப் பையனே தனக்கு தைரியம் இல்லன்னு நம்பிருவான், பொறவு கிளவ்ஸக் கழட்டி வச்சுட்டு பேக்ல வெளயாடப் போயிருவான். இப்பிடி நல்ல கீப்பருங்கள நாம நெறய இழந்துருக்கோம். அதனாலதான் இந்த ஒரு பையன் விசயத்த ஆரம்பத்துல இருந்து முழுசா எழுதுதேன். இவனோட வீடியோ நம்ம கையில இருக்கு, ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணிப் பாத்தோம், தப்பு எந்த எடத்துல ஆரம்பிக்குன்னு கண்ணாலயே பாக்க முடிஞ்சுது. டைவ்ங்கிறது தரையில ஆரம்பிக்குது, விழத் தெரிஞ்சவன்தான் பாய முடியும், இதத்தான் நான் சொல்ல வாரேன்.

பையன் பேரும் ஊரும் வேண்டாம். வீட்டுல கேட்டுட்டுத்தான் எழுதுதேன், இருந்தாலும் 16 வயசுப் பையன், அவன் பாட்டுக்கு வெளயாடட்டும். கடற்கரை ஊர்க்காரன். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, கூட்டப்புளின்னு நம்ம கடலோரத்துல சாயங்காலம் போய்ப் பாத்தியன்னா மணல்ல பயலுவ ஃபுட்பால் போட்டுட்டு இருப்பானுவ, ரெண்டு பக்கமும் கம்ப நட்டு வச்சா அதான் கோல், மேல பார் கெடையாது. இவன் சின்னதுல இருந்தே அந்தக் கம்புக்கு நடுவுலதான் நின்னுருக்கான். பதினொண்ணாங் கிளாஸுக்கு பாளையங்கோட்டைக்கு வந்து ஹாஸ்டல்ல தங்குனான், டீம்ல கீப்பர் இல்லாம இருந்துச்சு, மொத நாளே இவன நிறுத்திட்டாங்க. வந்த புதுசுல அவன் பாய்ஞ்ச பாய்ச்சல பாத்தவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. ஒயரம் 5 அடி 8 அங்குலம்தான், ஆனா ரெண்டு பக்கமும் கை நல்லா நீளும், கண்ணு பால விட்டு வெலகாது. ரெண்டு மாசம்கூட ஆகல, எடது பக்கம் வர்ற தரைப் பால் ஒவ்வொண்ணா உள்ள போக ஆரம்பிச்சுது. வலது பக்கம் அதே பால் வந்தா எடுத்துருவான். அப்பத்தான் பயப்படுதான்ங்கிற பேச்சு வந்துச்சு. பயப்படுதவன் ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்பிடிப் பயப்படுவான், அதத்தான் நான் யோசிச்சேன்.

அந்த மேட்ச்

ஆனி மாசக் கடைசி, ஸ்கூல் டோர்னமென்ட் ஒண்ணோட காலிறுதி, 3-1னு தோத்தானுவ. மூணு கோலுல மொதல் கோல்தான் முக்கியம், அத வச்சுத்தான் இவ்வளவும் எழுதுதேன், மத்த ரெண்டையும் கீழ சொல்லுதேன். கூடப் படிக்குற பையன் ஒருத்தன் கோலுக்குப் பின்னால உக்காந்து ஃபோன்ல எடுத்துருக்கான், சாதா வீடியோ, ஒரு செகண்டுக்கு 30 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம்னா 0.033 செகண்டு. இந்தக் கணக்கு ஒண்ணு போதும், வேற எந்த மெஷினும் வேண்டாம், எல்லாப் பயிற்சியாளரும் இதப் பழகிக்கிடணும்னு நான் கெஞ்சிக் கேக்கேன்.

எதிர் டீம் ஃபார்வர்டு பெனால்டி பாக்ஸுக்குள்ள, கோல்ல இருந்து சுமார் 14 மீட்டர்ல இருந்து தரையோட அடிச்சான். பால் கோல் லைனத் தாண்ட 21 ஃப்ரேம் ஆச்சு, அதாவது 0.7 செகண்டு, வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் வருது. ஸ்கூல் லெவலுக்கு நல்ல ஷாட்தான், ஆனா எடுக்க முடியாத ஷாட் இல்ல. நம்ம பையன் நின்ன எடத்துல இருந்து எடது பக்கம் 2 மீட்டர் தள்ளிப் போச்சு.

இப்ப ஃப்ரேமப் பாருங்க. ஃபார்வர்டோட கால் பால்ல படுத நேரத்துல இவனோட ரெண்டு காலும் அந்தரத்துல இருக்கு. ரெடி ஆகுதப்ப கீப்பர் ஒரு சின்னத் துள்ளு துள்ளுவான்லா, அது இவனுக்கு லேட்டு. அஞ்சாவது ஃப்ரேம்லதான் தரையில ஊணுதான், 0.17 செகண்டு அங்கயே போச்சு. எட்டாவது ஃப்ரேம்ல எடது முட்டி உள்பக்கமா மடங்க ஆரம்பிக்குது. பதிமூணுல அந்த முட்டி தரையத் தொட்டுருது. பதினாறுல எடது உள்ளங்கை தரையில ஊணுது, ஒடம்பத் தாங்குததுக்காக. வலது கை மட்டும் பாலுக்கு நீளுது. இருபத்தி ஒண்ணுல பால் உள்ள, வெரல் நுனிக்கும் பாலுக்கும் ஒரு ஜாண் எடவெளி.

வலது பக்கம் இவன் எடுத்த ஒரு பால பிராக்டிஸ் வீடியோல இருந்து பக்கத்துல வச்சுப் பாத்தோம். அதுல முட்டி தரையத் தொடவே இல்ல. வலது கால ஓர் எட்டு சாய்வா முன்னால வைக்கான், அந்தக் காலாலயே ஒடம்பத் தள்ளுதான், கை ரெண்டும் சேந்து போகுது, தோளோட பக்கவாட்டுல எறங்குதான். ஒரே பையன், ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு டைவ்.

முட்டி ஏன் மொதல்ல போச்சு

கோலோட அகலம் 7.32 மீட்டர், ஒயரம் 2.44 மீட்டர். நடுவுல நின்னா ஒவ்வொரு போஸ்டும் 3.66 மீட்டர் தூரம். 5 அடி 8 அங்குலத்துப் பையன் கை நீட்டிப் படுத்தா பாதத்துல இருந்து வெரல் நுனி வரைக்கும் ஏறக்கொறைய 2.2 மீட்டர். மிச்சத்த எட்டு வைக்குததுலயும் காலாலத் தள்ளுததுலயும்தான் எடுக்கணும், வேற எங்கயும் கெடைக்காது. முட்டியத் தரையில ஊணிட்டான்னா முட்டிக்குக் கீழ உள்ள காலோட நீளம் கணக்குல இருந்து போயிருது, கிட்டத்தட்ட அரை மீட்டர். 2.2 இப்ப 1.7 ஆயிருது, அதோட தள்ளுத சக்தியும் போச்சு. பால் போனது 2 மீட்டர்ல. அந்த ஒரு ஜாண் இதுதான்.

அடுத்து ஒண்ணு, பெரியவங்களே நெறயப் பேரு கவனிக்காதது. தூரத்துல போற பாலவிட பக்கத்துல வர்ற தரைப் பால் கஷ்டம். ஒடம்பு கீழ எறங்குததுக்கு பூமி இழுக்குத வேகம்தான் உண்டு, அத அவசரப்படுத்த முடியாது. இடுப்பு முக்கால் மீட்டர் எறங்கணும்னா எந்தத் தடையும் இல்லாம விழுந்தாக்கூட 0.39 செகண்டு ஆகும், அரை மீட்டர்தான் எறங்கணும்னா 0.32. வித்தியாசம் 0.07 செகண்டுதான், ஆனா இந்த ஷாட் அந்த நேரத்துல 1.4 மீட்டர் ஓடிரும். அதனாலதான் கீப்பர் முட்டிய மடக்கி இடுப்ப எறக்கி நிக்கணும்னு சொல்லுதது, பாக்க அழகா இருக்கட்டும்னு இல்ல. அடுத்தது, காலத் தரையில ஊணிக்கிட்டு பனமரம் சாயுத மாதிரி சாஞ்சா தடையில்லாம விழுததவிட இன்னும் லேட்டு ஆகும். பக்கத்துப் பாலுக்கு அந்தப் பக்கத்துக் கால ஒடம்புக்குக் கீழ இருந்து உருவி எடுத்துரணும், காலு போனாத்தான் இடுப்பு ஒடனே கீழ வரும். உருவுத கால் முன்னால நீண்டு போகணும், முட்டி ஊணக் கூடாது.

இவ்வளவும் அவனுக்கு வலது பக்கம் தெரியும். அப்ப எடது பக்கம் ஏன் தெரியல? பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் போன பொறவு தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏ தம்பி, எடது இடுப்புல எதும் அடி பட்டுருக்கா?"

"இல்லண்ணே."

"தொட்டுப் பாக்கட்டா?"

கொஞ்ச நேரம் சும்மா நின்னான். பொறவு டவுசர லேசா எறக்கிக் காட்டுனான். இடுப்பு எலும்பு மேல உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப் போயிருக்கு, நடுவுல தோல் உரிஞ்சு காஞ்சு திரும்ப உரிஞ்சு பொருக்குத் தட்டிக் கெடக்கு.

"விழுந்தா நேரா எலும்புல போய் இடிக்கிண்ணே. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு நெனச்சேண்ணே. எல்லாரும் வேற பயப்படுதான்னு சொல்லுதாங்க, இதச் சொன்னா சாக்கு சொல்லுதாம்பாங்க."

எனக்கு அன்னைக்கி ராத்திரி தூக்கம் வரல. அடிபட்ட இடுப்பக் காப்பாத்த ஒடம்பு தானாவே முட்டியையும் கையையும் மொதல்ல அனுப்புது, அவன் மனசுல முடிவெடுத்துச் செய்யல, 0.7 செகண்டுக்குள்ள முடிவெடுக்க எங்க நேரம் இருக்கு. ஒடம்பு செய்யுத அந்த நியாயமான வேலைக்குத்தான் நாம எல்லாரும் சேந்து பயம்னு பேரு வச்சுருக்கோம். மறுநாளே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், எக்ஸ்ரேல எலும்புக்கு ஒண்ணும் இல்ல, ஊமைக்காயம்தான், ஆறுத வரைக்கும் விழக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கையத் தரையில ஊணுததும் சாதாரணமா விடுத விசயம் இல்ல, நீட்டுன கை மேல முழு ஒடம்பும் எறங்குனா மணிக்கட்டோ காறை எலும்போ ஒடையும், தோள்பட்டை எறங்கும், அது இடுப்புக் காயத்தவிட பெரிய சோலி.

மணல்ல படிச்ச டைவ்

காயம் எப்பிடி வந்துச்சுங்கிறதுக்கு அவன் ஊருக் கடற்கரைக்குத்தான் போகணும். மணல்ல பாயுத பையனுக்கு விழுததப் பத்தி யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல. மணல் அமுங்கும், ஒடம்பு நிக்குததுக்கு முந்தி நாலஞ்சு செண்டிமீட்டர் உள்ள போகும், அடி அந்த தூரத்துக்குள்ள பரவிரும். இடுப்புல விழுந்தாலும் சரி, வயித்துல விழுந்தாலும் சரி, மணல் பொறுத்துக்கிடும். அடுத்தது, மணல்ல கால ஊணித் தள்ளுனா கால் பொதையும், பாதி சக்தி மணலுக்கே போயிரும், அதனால கடற்கரைப் பயலுவ ரெண்டு காலையும் மடக்கி மேல பாக்கக் குதிப்பானுவ. மேல போயி வளைஞ்சு கீழ வருவானுவ. பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

அதே பாய்ச்சல நம்ம பாளையங்கோட்டைச் செம்மண் கிரவுண்டுல பாய்ஞ்சா என்ன ஆகும்? நம்ம ஊரு மண்ணு எப்பிடின்னு சொல்லத் தேவையில்ல, ஐப்பசி கார்த்திகை மழைய விட்டா மிச்ச மாசம் பூரா காஞ்சு இறுகிப் போயிக் கெடக்கும், மேல சரளைக்கல்லு, கீழ சிமெண்டுத் தரை மாதிரி. மேல பாக்கக் குதிச்சவன் நேராக் கீழ வாரான், தரை ஒரு செண்டிமீட்டர்கூட உள்ள போகாது, மொத்த அடியும் எது மொதல்ல தொடுதோ அந்த எலும்புக்குத்தான். இவனுக்கு எடது இடுப்பு. வலது பக்கம் தப்பிச்சது எப்பிடின்னா, வலது கைப் பழக்கம் உள்ளவன், வலது கை தானா மொதல்ல நீளும், கை தொட்டு தோள் தொட்டு கடைசில இடுப்பு தொடும், யாரும் சொல்லிக் குடுக்காமலே சரியா அமைஞ்சு போச்சு. எடது பக்கத்துக்கு அந்தக் குடுப்பன இல்ல. இந்த ஊர்ல ஆடுத எல்லாக் கீப்பரையும் ஒரு தடவ ரெண்டு பக்கமும் பாய விட்டுப் பாருங்க, முக்காவாசிப் பேருக்கு ஒரு பக்கம் இப்பிடித்தான் இருக்கும்.

இந்த எடத்துல வாடகை டர்ஃபப் பத்தியும் சொல்லிருதேன். இப்ப நம்ம டவுன்லயும் நெறய டர்ஃப் வந்துட்டு, பயலுவ ராத்திரி லைட்டப் போட்டு அஞ்சஞ்சு பேரா ஆடுதானுவ. நல்லதுதான். ஆனா அங்க கோல் சின்னது, கிட்ட இருந்து அடி விழும், கீப்பர் கால நீட்டித் தடுக்கத்தான் பழகுவான், பாயப் பழக மாட்டான். செயற்கைப் புல்லுல வழுக்குனா தோல் தீஞ்ச மாதிரி உரியும். அங்க படிச்சத மட்டும் வச்சுக்கிட்டு 7.32 மீட்டர் கோலுக்கு வந்தா பத்தாது.

விழப் படிச்சது

காயம் ஆறுத வரைக்கும் டைவே கெடையாதுன்னு சொல்லிட்டோம். அந்த நாளுல கால் வேல மட்டும். பக்கவாட்டுல குட்டிக் குட்டி எட்டு, பால் அடிக்குத அந்த நேரத்துல ரெண்டு காலும் தரையில இருக்கணும், அது ஒண்ணுதான் பாடம். துள்ளக் கூடாதுன்னு இல்ல, துள்ளுனா அடிக்குததுக்கு முந்தியே எறங்கிரணும். ஒருத்தன் அடிக்க ஓடி வருவான், இவன் அவனோட ஊணுகாலப் பாக்கணும், அது பாலுக்குப் பக்கத்துல விழுதப்ப இவன் துள்ளு முடிஞ்சுருக்கணும். அந்த 0.17 செகண்டு திரும்பக் கெடைச்சுது, டைவ்ல கைய வைக்காமலே.

பொறவு நீளந்தாண்டுத பிட்ல எறக்குனோம். மணல்தான், அவனுக்குப் பழகுன எடம், ஆனா இந்தத் தடவ பாய விடல. தரையில கால நீட்டி உக்காந்துக்கிட்டு எடது பக்கமா சாயணும், கையில பால் இருக்கணும். பாலப் புடிக்குத விதத்த மொதல்ல சொல்லிருதேன், எடது பக்கம் சாயுதப்ப எடதுதான் கீழ் கை, வலது மேல் கை, கீழ் கை பாலுக்குப் பின்னால, மேல் கை பாலுக்கு மேல, தரை மூணாவது கை. சாயுதப்ப மொதல்ல தரையத் தொடுதது பால், அடுத்து முன்கையோட வெளிப்பக்கம், அடுத்து தோளுக்குப் பின்பக்கமா இருக்க சதை, அடுத்து விலா, கடைசில இடுப்பும் தொடையும். முழங்கை ஒடம்புக்கு அடியில போகவே கூடாது, பாலுக்கு முன்னால நீண்டு இருக்கணும். நெஞ்சு பால் வர்ற பக்கத்தப் பாத்து இருக்கணும், வானத்தயும் பாக்கக் கூடாது, தரையவும் பாக்கக் கூடாது. இந்த வரிசையில எறங்குனா அடி ஒரே எலும்புல போய் இடிக்காம ஒடம்போட நீளத்துக்குப் பரவுது, மணல் செஞ்ச வேலைய இப்ப ஒடம்பு செய்யுது.

உக்காந்து விழுதது பழகுனதும் முட்டி போட்டு, அடுத்து குத்த வச்சு, அடுத்து நின்னு. ஒவ்வொண்ணுலயும் ஒயரம் கூடுது, வரிசை மாறக் கூடாது. நின்னு விழுதது மணல்ல சரியா வந்த பொறவு பிட்ட விட்டு வெளிய வந்தோம். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வச்சுருக்க ஒரு அண்ணாச்சி வைக்கோல் குடுத்தாங்க, அதப் பரப்பி மேல தார்ப்பாய விரிச்சுக் கட்டுனோம், அதுல கொஞ்ச நாள். பொறவு வைக்கோல பையப் பையக் கொறச்சோம். கடைசியா கிரவுண்டு ஓரமா ஒரு துண்டு எடத்துல கல்லப் பொறக்கி, மம்பட்டியால கொத்தி, முந்தின நாள் சாயங்காலம் தண்ணி விட்டு, காலைல அந்த ஈர மண்ணுல. இதுக்கெல்லாம் பெரிய காசு ஆகல. நம்ம கிரவுண்டுல புல்லு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்குததவிட கோலுக்கு முன்னால உள்ள மண்ணக் கொத்தி வைக்குதது எல்லா ஊர்லயும் செய்யக் கூடியது, கீப்பர் நிக்குற எடத்தயாவது செஞ்சு குடுங்க.

அதுக்குப் பொறவுதான் எட்டு வைக்குதது. எடது பக்கம் பால் வந்தா எடது கால், பக்கவாட்டுல நேரா இல்ல, சாய்வா முன்னால. பின்னால சாஞ்சு விழுந்தா பால் இன்னும் அகலமாப் போயிரும், கோல் லைனையும் தாண்டிரும், முன்னால போயி சந்திச்சா தூரம் கொறையும். எடது கால் பாதத்தோட முன்பகுதியில எடை எறங்குது, அந்தக் காலே ஒடம்பத் தள்ளுது, வலது முட்டி மேல ஏறி வேகம் குடுக்குது. முக்கியமா, மேல பாக்கப் போகாம தரைக்கு ஒட்டுனாப்புல பாயணும். தாழப் பாய்ஞ்சா எறங்குதப்ப ஒடம்பு கொஞ்சம் வழுக்கிக்கிட்டுப் போகும், முன்னால போற வேகம் அதுல தீந்துரும். கடற்கரை வளைவு அவன்கிட்ட இருந்து போக ரொம்ப நாள் ஆச்சு, அத மறக்க வைக்குததுதான் இருந்ததுலயே கஷ்டமான வேல. கோலுக்குள்ள இடுப்பளவு ஒயரத்துல ஒரு கயிறக் கட்டி அதுக்கு அடியில பாய வச்சோம், கயிறு கட்டுன பொறவுதான் படிஞ்சுது.

டவுசருக்கு உள்ள ரெண்டு பக்கமும் ஃபோம் வச்சு டெய்லர்கிட்ட தச்சு வாங்குனோம், முழங்கைக்கு வாலிபால் ஆடுதவங்க போடுத முட்டி பேடு. முழுக்கை ஜெர்சி. பேடு போட்டா பழக்கம் கெட்டுரும்னு சிலர் சொன்னாங்க, அது சரியில்ல. இந்த மண்ணுல பேடு இல்லாம ஒரு பையன விழச் சொல்லுதது தப்பு. கிளவ்ஸும் ரெண்டு வேணும், உள்ளங்கையில இருக்க லேடெக்ஸ் சரளைல ஒரசி நாலு நாள்ல பிஞ்சுரும், பிராக்டிஸுக்கு பழசு, மேட்சுக்கு நல்லது, போடுததுக்கு முந்தி உள்ளங்கைய லேசா நனைச்சுக்கிடணும், காஞ்ச லேடெக்ஸ் பாலப் புடிக்காது. ஷூவும் பாருங்க, நீளக் குமிழ் உள்ளது காஞ்ச தரையில எறங்காது, சரளை மேல சறுக்கும், குட்டிக் குமிழ் நெறய உள்ளதுதான் தள்ளுதப்ப புடிக்கும்.

ரெண்டாவது கோல், மூணாவது கோல்

ரெண்டாவது கோல்ல அவன் பாய்ஞ்சான், தொட்டான், ஆனா பால் நேரா முன்னால தெறிச்சு அடுத்தவன் கால்ல விழுந்துச்சு. உள்ளங்கை முன்னால பாத்துருந்துச்சு, அதான். புடிக்க முடியாத பால போஸ்டுக்கு வெளிய தள்ளணும், அதுக்கு மணிக்கட்டு கெட்டியா இருக்கணும், உள்ளங்கை வெளிப்பக்கமா சாஞ்சு இருக்கணும், முன்னால போயி எடுக்குத பழக்கம் இருந்தா இந்தக் கோணம் தானா வரும். பின்னால சாஞ்சு எடுத்தா வராது.

இந்த எடத்துல பயலுவளுக்கு நான் போட்டுக் காட்டுதது 1970 உலகக் கோப்பையில குவாதலஹாராவுல இங்கிலாந்து கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் எடுத்த பால். பிரேசிலோட ஜைர்சினியோ ஓரத்துல இருந்து கோலுக்கு முன்னால க்ராஸ் போட, பெலே தலையால தரையப் பாத்து இறக்குனாரு, பால் குத்தி மேல வருது, பேங்க்ஸ் வலது கையால பாருக்கு மேல தள்ளி விட்டுட்டாரு. எல்லாரும் அந்தக் கையத்தான் பாப்பாங்க. நான் காலப் பாருங்கன்னு சொல்லுவேன். அவரு இருந்தது மத்த போஸ்டு பக்கம், க்ராஸ் போனப்ப கோல் குறுக்க வெரசா ஓடி வந்துட்டுத்தான் பாய்ஞ்சாரு, அந்த ஓட்டம் இல்லன்னா எந்தக் கையும் அங்க எட்டாது. அடுத்தது, குத்தி வர்ற பால், அதோட ஒயரம் தரையப் பொறுத்தது. நம்ம இறுகுன தரையிலயும் பால் மணல்ல எழும்புததவிட ரொம்ப ஒயரமா எழும்பும், கடற்கரைப் பையனுக்கு அது புதுசு, அத மட்டும் தனியாப் பழக்க வேண்டி வந்துச்சு.

மூணாவது கோல் காத்து. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேக்காத்து நம்ம பக்கம் எப்பிடி அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், கயத்தாறுல காத்தாடி சுத்துததே அதுலதான். மேக்க இருந்து நெட்டுக்குத் தூக்கி அடிச்ச ஃப்ரீ கிக், காத்து அள்ளிட்டு வந்து இவன் தலைக்கு மேல எறக்கிட்டு. இவன் நேரா பின்னால பின்னால நடந்து, கால் தடுக்கி உக்காந்துட்டான். பின்னால போகுததுக்கு மொதல்ல ஒரு கால பின்னால வச்சு இடுப்பத் திருப்பணும், காலக் குறுக்க மாத்தி மாத்தி ஓடணும், கண்ணு பால்ல. மேல போற பாலுக்கு ஒடம்பு திரும்புனா மேல் கைதான் தூரம் எட்டும், தரைப் பாலுக்கு கீழ் கை. பார் இல்லாத கோல்ல வளந்தவனுக்கு 2.44 மீட்டர் எங்க முடியுதுன்னு முதுகுக்குப் பின்னால தெரியாது, பாக்ஸுக்குள்ள எங்க நின்னாலும் பார் எவ்வளவு ஒயரம்னு பாக்காமலே கையக் காட்டச் சொல்லிச் சொல்லித்தான் அது வந்துச்சு.

எல்லாத்துக்கும் பாயணும்னு இல்லங்கிறதயும் சொல்லணும். 2022 உலகக் கோப்பை ஃபைனல்ல கடைசி நிமிசத்துல, 3-3 இருக்கப்ப, ஃபிரான்ஸோட கோலோ முவானி தனியா வந்து அடிச்சத அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் எடது கால நீட்டித் தடுத்தாரு. அவரு பாயவே இல்ல, முன்னால வந்து கையக் கால விரிச்சு எடத்த அடைச்சுட்டாரு. கிட்ட வந்துட்டவன்கிட்ட பாயுததுக்கு நேரமே கெடையாது. நம்ம பையன் இத எல்லாரவிடயும் வேகமாப் புரிஞ்சுக்கிட்டான், இடுப்பு வலிச்ச நாளுல பாயாம என்னென்ன எடுக்க முடியும்னு தேடித் தேடிப் பழகுனதால இருக்கும்.

பொறவு என்ன ஆச்சு

புரட்டாசில ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச், அதே மாதிரி செம்மண் தரை. எடது பக்கம் ரெண்டு தரைப் பால் வந்துச்சு. ஒண்ண ரெண்டு கையாலயும் புடிச்சுட்டான், இன்னொண்ண போஸ்டுக்கு வெளிய தள்ளிட்டான், கார்னர். வீடியோல எண்ணிப் பாத்தோம், ஷாட் அடிக்குதப்ப ரெண்டு காலும் தரையில இருக்கு, நாலாவது ஃப்ரேம்ல எடது கால் எட்டு வைக்குது, முட்டி தரையத் தொடல. மேட்ச் முடிஞ்சதும் இடுப்பக் காட்டச் சொன்னேன், தோல் சிவந்துருக்கு, கன்னல. முன்னால பயப்படுதான்னு சத்தம் போட்ட அதே பெரியவரு வந்து தோள்ல தட்டிட்டுப் போனாரு, பையனுக்கு அது பெருசு, அவன் முகத்துல தெரிஞ்சுது.

அந்த மேட்ச்லயும் ஒரு கோல் வாங்குனான். எடது மேல் மூலை. அங்க இன்னும் கீழ் கையத்தான் நீட்டுதான், மேல் கையக் கொண்டு வந்தா வெரல் பட்டுருக்கும். களைச்சுப் போனா கடைசிப் பத்து நிமிசத்துல பழைய துள்ளும் திரும்ப வருது, லேட்டாத்தான் எறங்குதான். அதனால இப்ப ஓட்டமெல்லாம் முடிஞ்சு மூச்சு வாங்குதப்பத்தான் அவனுக்கு ஷாட் அடிக்கோம், நீளந்தாண்டுத பிட்டுக்கு மேல கயித்துல பாலத் தொங்கவிட்டு எடது பக்கம் மேல் கையால தட்டுததும் நடக்கு. மழை தொடங்குனா தரை எளகும், பால் நனைஞ்சு வழுக்கும், புடிக்குததவிட தள்ளுதது கூடும். அதுக்கு இப்பவே ஒரு வாளித் தண்ணியில பால முக்கி முக்கி அடிச்சுப் பழக்கிட்டு இருக்கோம்.